கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கலாமா? ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் இருக்கும் வழிகள்

மின்சாரம், தொலைபேசி, எரிவாயு போன்ற சேவைகளின் கட்டணத்தை ஆணையமே நிர்ணயிக்க வேண்டுமா, நிறுவனங்களிடம் விட்டுவிடலாமா? பலரும் இதை ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2002-இல் செல்போன் கட்டணத்தை நிறுவனங்களின் பொறுப்பில் விட்டது. ஆனால் கிராமப்புறத் தரைவழித் தொலைபேசிக் கட்டணத்தை விடவில்லை. ரோமிங்குக்கு உச்சவரம்பு வைத்தது. மின்சாரத்திலும் இப்படித்தான். வீட்டு இணைப்புக்கு யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை மாநில ஆணையம் சொல்கிறது. 1 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படும் ஆலையோ 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஆக, சேவையின் எந்தப் பகுதியை, யாருக்கு, எந்த அளவுக்கு விடுவது என்பதுதான் ஆணையம் எடுக்க வேண்டிய முடிவு.

இந்த முடிவில் அதிகம் தவறு நடப்பது ஒரே இடத்தில். நிறுவனம் மாறும் நுகர்வோரை வைத்துப் போட்டியை அளக்கிறார்கள். மாறாமல் இருப்பவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் பிரிட்டனும் பத்து, பதினேழு ஆண்டுகள் கழித்து விலைக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது இதனால்தான்.

எதை விடலாம், எதை விடக் கூடாது

முதலில் சேவையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். மின்சாரத்தில் உற்பத்தி, உயரழுத்தக் கடத்தல், பகிர்மானக் கம்பி, சில்லறை விற்பனை என்று நான்கு. தெருவில் ஒரு கம்பி போதுமாக இருக்கும்போது இரண்டாவது கம்பி இழுப்பது வீண் செலவு. அந்தச் செலவும் கடைசியில் பில்லில்தான் வந்து விழும். அதனால் கம்பியின் கட்டணம் பெரும்பாலான இடங்களில் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. விக்டோரியாவில் சில்லறை விலையைத் திறந்தபோதும் கம்பிக் கட்டணத்தைத் திறக்கவில்லை. “கட்டுப்பாடு நீக்கம்” என்று ஒரு மனு வந்தால் ஆணையம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கம்பியும் விற்பனையும் கணக்கில் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்பது. பிரியாத கணக்கை வைத்துக்கொண்டு சில்லறையைத் திறந்தால், கம்பியை வைத்திருக்கும் நிறுவனம் விற்பனைப் பிரிவின் செலவைக் கம்பிக் கணக்கில் ஏற்றிவிட்டு மலிவாக விற்கும். கம்பி இல்லாத போட்டியாளர் அந்த விலைக்கு வரவே முடியாது.

போட்டி போதுமா என்று அளப்பது

கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2006-இல் உள்ளூர்த் தொலைபேசிக்கு ஒரு கறாரான அளவுகோல் வைத்தது. பழைய நிறுவனம் தன் பகுதியில் 25 சதவீதச் சந்தையை இழந்திருக்க வேண்டும். போட்டியாளர்களுக்குத் தான் தரும் மொத்த விற்பனைச் சேவையில் தரத்தையும் காப்பாற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் விலைச் சுதந்திரம். அடுத்த ஆண்டே அந்நாட்டு அமைச்சரவை இதை மாற்றியது. எவ்வளவு இழந்தது என்பதை விட்டுவிட்டு, சொந்தக் கட்டமைப்புள்ள போட்டியாளர்கள் இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னது. வீட்டு இணைப்புகளில் பழைய நிறுவனத்தைத் தவிர இன்னும் இருவர் வேண்டும். அவர்களில் ஒருவர் செல்போன் நிறுவனமாக இருக்கலாம். ஒவ்வொருவராலும் அப்பகுதியின் 75 சதவீத இணைப்புகளுக்குச் சேவை தர முடிய வேண்டும்.

இந்த இரண்டில் எது சிறந்தது? சந்தைப் பங்கு அளவுகோல் நடந்து முடிந்ததைக் காட்டும். மக்கள் உண்மையிலேயே மாறினார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் தாமதமாகும், பழைய நிறுவனம் விலையைக் குறைக்க முடியாமல் வாடிக்கையாளரை இழந்துகொண்டே போக வேண்டிய விபரீதமும் உண்டு. இருப்பு அளவுகோல் விரைவானது, வரைபடத்தை வைத்தே சரிபார்த்துவிடலாம். அதன் பலவீனம், மூன்று நிறுவனங்கள் ஒரே விலையில் அமைதியாக இருந்துவிட்டாலும் அது தேர்ச்சி கொடுத்துவிடும். கனடாவின் விதியில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய சொல் “சொந்தக் கட்டமைப்பு”. பழைய நிறுவனத்தின் லைனையே வாடகைக்கு எடுத்து விற்பவரைப் போட்டியாளர் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. அவருடைய விலை அந்த வாடகைக்குக் கட்டுப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் கேள்வியையே புரட்டிப் போடுகிறது. கட்டுப்பாட்டை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்காமல், ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. புதியவர் நுழைய உயர்ந்த, நீடித்த தடை இருக்க வேண்டும். எதிர்காலத்தில் போட்டி வரும் அறிகுறி இருக்கக் கூடாது. பொதுவான போட்டிச் சட்டம் மட்டும் போதாது என்று தெரிய வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர இருந்தால்தான் முன்கூட்டிய கட்டுப்பாடு. இந்த முறையில் தொலைத்தொடர்பில் கண்காணிக்கப் பரிந்துரைக்கப்பட்ட சந்தைகள் 2003-இல் 18 ஆக இருந்து, 2007-இல் 7, 2014-இல் 4, 2020-இல் 2 என்று சுருங்கின. வேகமாக மாறும் தொழில்நுட்பத்துக்கு இது பொருத்தம். மின்கம்பிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் கட்டுப்பாடு அப்படியே நிற்கும், அதுவும் சரிதான்.

எந்த அளவுகோலை எடுத்தாலும் “சந்தை” எது என்ற எல்லையை முதலில் வரைய வேண்டும். இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் சோதனை, விலையை 5 முதல் 10 சதவீதம் உயர்த்தினால் எத்தனை பேர் விலகுவார்கள் என்பது. கணக்கு எளிது. மாதக் கட்டணம் 100 ரூபாய், ஒரு வாடிக்கையாளருக்கான மாறும் செலவு (வாடிக்கையாளர் எண்ணிக்கையோடு கூடிக் குறையும் செலவு) 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 பேரிடம் மிச்சம் 4,000 ரூபாய். விலையை 110 ஆக்கினால் தலைக்கு மிச்சம் 50. இப்போது 80 பேர் இருந்தாலே அதே 4,000 வந்துவிடும். அதாவது 20 பேருக்கு மேல் விலகினால்தான் விலையேற்றம் நட்டம். 15 பேர்தான் விலகுவார்கள் என்றால் அந்த நிறுவனத்தைப் போட்டி கட்டுப்படுத்தவில்லை என்று பொருள். ஆணையம் இந்த எண்ணை நிறுவனத்தின் வாயிலிருந்து கேட்டு எழுதக் கூடாது. மாறும் செலவைக் கணக்குப் புத்தகத்திலிருந்தும், விலகும் அளவை முந்தைய விலையேற்றங்களுக்குப் பிறகான இணைப்புத் துண்டிப்புப் பதிவிலிருந்தும் எடுக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. இன்றைய விலையே சரியான விலை என்று அது எடுத்துக்கொள்கிறது. மானியத்தால் அடக்கச் செலவுக்குக் கீழே இருக்கும் வீட்டு மின்கட்டணத்தில் இதைச் செய்தால், 10 சதவீதம் ஏற்றினாலும் ஒருவரும் விலக மாட்டார்கள். ஏனென்றால் ஏற்றிய விலைக்கும்கூட வெளியில் யாராலும் விற்க முடியாது. அதை ஏகபோகத்தின் சான்று என்று படித்தால் தவறு. அங்கே நுழைவதைத் தடுத்து நிற்பது கட்டண அமைப்பு.

வழி ஒன்று: கட்டுப்பாட்டிலேயே வைத்திருப்பது

இந்திய மின்சாரத்தில், நிறுவனம் அடுத்த ஆண்டுக்குத் தேவையான வருவாயைக் கணக்கிட்டு மனு போடும். ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, மனு கிடைத்த 120 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆண்டு முடிந்ததும் உண்மைச் செலவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும். ஏழை வீட்டையும் விவசாயியையும் கைவிடாமல் இருக்க இதைவிட நேரடியான வழி இல்லை. கோளாறு எங்கே என்றால், தேர்தல் நெருக்கத்தில் உயர்வைத் தள்ளிப்போட்டு, வசூலிக்காத தொகையை “ஒழுங்குமுறைச் சொத்து” என்று கணக்கில் எழுதி வைப்பது. அது வட்டியோடு வளர்ந்து பின்னால் வரும் நுகர்வோரின் தலையில் விழும். செலவு மெதுவாக மாறும் சேவைக்கு இந்த முறை தாங்கும். வாரத்துக்கு ஒரு புதுத் திட்டம் வரும் செல்போன் சந்தைக்குத் தாங்காது.

வழி இரண்டு: போட்டியைத் திறந்து, உச்சவரம்பு வைப்பது

இது இந்திய மின்சாரச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே பகுதியில் இரண்டு பகிர்மான உரிமதாரர்கள் இருந்தால் ஆணையம் சில்லறை விற்பனைக்கு உச்சவரம்பு மட்டும் வைக்கலாம் என்று 62-ஆவது பிரிவு சொல்கிறது.

விக்டோரியா முதலில் உச்சவரம்பு இல்லாமலேயே போய்ப் பார்த்தது. 2002 முதல் வீட்டு நுகர்வோர் நிறுவனத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்றானது. ஆஸ்திரேலிய எரிசக்திச் சந்தை ஆணையம் நிறுவனங்களுக்கிடையிலான உண்மையான போட்டி, புதியவர் நுழையும் வசதி, நுகர்வோர் தேர்வு செய்யும் அளவு, சேவை வகைகள், விலையும் லாப விகிதமும் என்று பல கோணங்களில் ஆராய்ந்து, 2008-இல் போட்டி பலனளிக்கிறது என்று முடிவு சொன்னது. 2009 ஜனவரி 1 முதல் விலைக் கட்டுப்பாடு போனது. அளவுகோல்களில் குறை சொல்ல முடியாது. மாநிலத்தில் நிறுவனம் மாறியவர்களும் நிறைய. ஆனால் 2017-இல் அரசு அமைத்த தனிக் குழு, போட்டியால் கிடைக்கும் என்று சொன்ன பலன் நுகர்வோருக்குக் கிடைக்கவில்லை என்றது. சலுகை ஒப்பந்தம் முடிந்ததும் சத்தமில்லாமல் உயர்ந்த கட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள், மாறவே மாறாதவர்கள், எதில் சேர்ந்தால் லாபம் என்று புரியாமல் இருந்தவர்கள் எல்லோரும் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலை 1 முதல் ஆணையம் நிர்ணயிக்கும் அடிப்படைக் கட்டணம் திரும்ப வந்தது.

பிரிட்டனிலும் இதே கதை. 2002-இல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. பின்னர் போட்டி ஆணையம் ஆராய்ந்தபோது, ஆறு பெரிய நிறுவனங்களின் வீட்டு நுகர்வோரில் ஏறக்குறைய 70 சதவீதத்தினர் தாமாகத் தேர்ந்துகொள்ளாத பொதுக் கட்டணத்திலேயே இருந்தது தெரியவந்தது. 2012 முதல் 2015 வரை வீட்டு நுகர்வோர் கூடுதலாகக் கொடுத்தது ஆண்டுக்குச் சராசரி 140 கோடி பவுண்டு என்று கணக்கிட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு.

உச்சவரம்புக்கும் ஆபத்து உண்டு. பிரிட்டனில் 2021-இல் எரிவாயு விலை எகிறியபோது, முன்கூட்டியே கொள்முதல் ஒப்பந்தம் போடாத சிறு நிறுவனங்கள் வாங்கும் விலைக்குக் கீழே விற்க வேண்டியதாயிற்று. முப்பதுக்கு நெருங்கிய நிறுவனங்கள் மூடின. அவர்களின் வாடிக்கையாளரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய செலவு எல்லோருடைய பில்லிலும் ஏறியது. அரையாண்டுக்கு ஒருமுறை மாற்றிய உச்சவரம்பைப் பின்னர் காலாண்டுக்கு ஒருமுறை மாற்றத் தொடங்கினார்கள். இதைவிடக் கொடுமையான உதாரணம் கலிபோர்னியா. மொத்த விலையைத் திறந்துவிட்டு, சில்லறை விலையை உறைய வைத்து, நிறுவனங்களை அன்றாடச் சந்தையில் வாங்க வைத்தார்கள். 2000-இல் மொத்த விலை ஏறியதும் ஒவ்வொரு யூனிட்டிலும் நட்டம். அங்குள்ள மின் நிறுவனமான பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் 2001 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கேட்டது. வாங்கும் விலை திறந்தும் விற்கும் விலை பூட்டியும் இருக்கும் அமைப்பை எந்த ஆணையமும் ஒரு நாள்கூட அனுமதிக்கக் கூடாது.

வழி மூன்று: விலையை விட்டுவிட்டு, கண்ணை மட்டும் வைத்திருப்பது

டிராய் செல்போனில் செய்தது இது. நிறுவனம் தானே கட்டணம் வைத்துக்கொள்ளலாம். அமலுக்கு வந்த 7 வேலை நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு நேரத்தில் 25 திட்டங்களுக்கு மேல் கூடாது. கட்டணம் வைக்கும் அதிகாரத்தை டிராய் கைவிடவில்லை, பயன்படுத்தாமல் வைத்திருக்கிறது. இது பலன் தந்ததற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. வீட்டுக்கு வீடு கம்பி தேவையில்லை. ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்திலும் (சேவைப் பகுதியிலும்) பல நிறுவனங்கள் இருந்தன. ப்ரீபெய்டு என்பதால் விலகுவது எளிது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது.

அந்தக் காரணங்களில் ஒன்று இப்போது தேய்ந்திருக்கிறது. தனியார் நிறுவனங்கள் மூன்றுதான் மிச்சம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் மூன்றும் ஓரிரு நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. அதே ஆண்டு டிசம்பரில் டிராய், டேட்டா வேண்டாதவர்களுக்காகக் குரல், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள ரீசார்ஜ் கட்டாயம் வேண்டும் என்று விதி செய்தது; சிறப்பு வவுச்சர்களின் கால வரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக்கியது. பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர் டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது விலைப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. எந்த ரீசார்ஜை யார் போடுகிறார்கள் என்ற தரவு இருந்தால்தான் தெரியும். விலையை விட்டுவிட்ட ஆணையத்துக்குத் தரவுதான் ஒரே கருவி.

வழி நான்கு: பெரிய நுகர்வோரை மட்டும் விடுவது

இந்திய மின்சாரத்தில் உண்மையான சண்டை இங்கேதான். ஆலைகளும் வணிக இணைப்புகளும் அடக்கச் செலவுக்கு மேல் கொடுக்கின்றன. அந்த உபரிதான் வீட்டையும் விவசாயத்தையும் தாங்குகிறது. ஆலை வெளியே போனால் உபரியும் போகும். அதை ஈடுகட்டத்தான் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம்.

2016 கட்டணக் கொள்கையின் சூத்திரத்தை ஓர் எடுத்துக்காட்டு எண்ணில் போட்டுப் பார்ப்போம். ஆலைக்கான கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாய். மின்வாரியம் வாங்கும் சராசரி விலை 4.50, கம்பியில் வழியிலேயே ஏற்படும் இழப்பு 10 சதவீதம். 4.50-ஐ 0.90-ஆல் வகுத்தால் 5.00. கடத்தல், பகிர்மானக் கட்டணம் 1.00. ஒழுங்குமுறைச் சொத்துச் சுமை எதுவும் இல்லை. 8-இல் 6 போக மிச்சம் 2.00 ரூபாய். ஆனால் கூடுதல் கட்டணம் அந்த வகைக் கட்டணத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது அந்தக் கொள்கை, அதாவது 1.60. மீதி 40 பைசா யாரிடமும் வசூலாகாது. ஆண்டுக்கு 10 கோடி யூனிட் வெளியே போனால் 4 கோடி ரூபாய்த் துண்டு விழும். ஆலையின் பக்கம்: வெளியில் 4.20-க்கு வாங்கினால் இழப்போடு 4.67, கம்பிக்கு 1.00, கூடுதல் கட்டணம் 1.60, ஆக 7.27. யூனிட்டுக்கு 73 பைசா மிச்சம். போவது நிச்சயம். மின்சாரச் சட்டத்தின் 42(4)-இன் கீழ், மின்வாரியம் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டு வீணாகும் நிலைச் செலவுக்கும் தனிக் கட்டணம் விதிக்கலாம். அதை ஆண்டுதோறும் உண்மைக் கணக்கில் நிரூபிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது வாசலை அடைக்கும் சாக்காகிவிடும்.

சொந்த உற்பத்திக்கு இந்தக் குறுக்கு மானியக் கட்டணம் கிடையாது. 26 சதவீதப் பங்கும் 51 சதவீத நுகர்வும் காட்டினால் குழுவாகச் சேர்ந்தும் சொந்த உற்பத்தியாளராகலாம். தமிழ்நாட்டு நூற்பாலைகள் காற்றாலை வைத்த காரணங்களில் இது முக்கியமானது. ஆக, முன்கதவில் கட்டணம் வாங்கினாலும் பக்கவாட்டில் வழி இருக்கிறது. எத்தனை யூனிட் அந்த வழியில் போகிறது என்று பார்க்காமல் முன்கதவை மட்டும் கணக்கிடுவது பாதிக் கணக்கு.

மும்பையில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. 2008-இல் உச்ச நீதிமன்றம் டாடா பவர் சில்லறையாகவும் விற்கலாம் என்றது. அங்கே ஏற்கெனவே விற்றுவந்த ரிலையன்ஸின் கம்பியிலேயே டாடாவின் மின்சாரத்தை வாங்கும் ஏற்பாடு வந்ததும் முதலில் நகர்ந்தவர்கள் அதிகம் கட்டணம் கொடுத்த பெரிய நுகர்வோர்தான். மானியத்தைத் தாங்கியவர்கள் போக, மானியம் பெறுபவர்கள் பழைய இடத்தில் மிஞ்சினார்கள். 2012-இல் ஆணையம் குறுக்கே வந்து, மாதம் 300 யூனிட் வரையிலான வீடுகளுக்கு முன்னுரிமை தரும்படி டாடாவின் சேர்க்கைக்கு வரம்பு போட நேர்ந்தது.

எந்தச் சேவைக்கு எது

செல்போனுக்கு வழி மூன்றே சரி. ஆனால் ஆணையம் மறுபடி தலையிடுவதற்கு எண்ணால் ஆன நிபந்தனை தேவை: எத்தனை நிறுவனங்களுக்குக் கீழே போனால், மிக மலிவான ரீசார்ஜ் எத்தனை சதவீதம் ஏறினால் ஆணையம் தானாக விசாரணை தொடங்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பெரிய ஆலைகளுக்கு வழி நான்கு. மின்சாரச் சட்டத்தின் 86-ஆவது பிரிவின்படி, வெளியில் வாங்க அனுமதி பெற்ற வகையினருக்குக் கம்பிக் கட்டணத்தையும் கூடுதல் கட்டணத்தையும் மட்டும் ஆணையம் நிர்ணயித்தால் போதும். வீட்டு மின்சாரத்தை இன்று திறப்பது தவறு. அரசு தர வேண்டிய மானியத்தை ஆலைகளின் பில்லிலிருந்து பிரித்து, பட்ஜெட்டிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் வரை வழி ஒன்றுதான். அதற்குப் பிறகு வழி இரண்டு.

திறக்கும் உத்தரவு எழுதும்போது சில விஷயங்கள் விடுபடவே கூடாது. நிறுவனம் மாறும் வேலை எத்தனை நாளில் முடிய வேண்டும், நிலுவைத் தகராறு இருந்தால் தடுக்கலாமா என்பதற்கு விதி வேண்டும். சலுகைக் காலம் முடியும்போது நுகர்வோர் எந்தக் கட்டணத்துக்குப் போவார் என்பதை நிறுவனம் தீர்மானிக்க விடக் கூடாது. ஒவ்வொரு காலாண்டும் ஒரே நிறுவனத்தில் ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் கொடுத்த சராசரி விலையைத் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்; புதியவருக்கும் பழையவருக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போனால் அதுதான் முதல் எச்சரிக்கை. நிறுவனம் ஒன்று திடீரென்று மூடினால் அதன் நுகர்வோரை ஏற்க வேண்டியவர் யார், அன்றைய விலையில் மின்சாரம் வாங்க அவருக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதும் அதே உத்தரவில் இருக்க வேண்டும். உரிமம் கொடுக்கும்போதே வங்கி உத்தரவாதமும், விற்கப்போகும் அளவில் ஒரு பகுதிக்கு முன்கூட்டிய கொள்முதல் ஒப்பந்தமும் கேட்டால், மூடும் நிறுவனத்தின் கடன் மற்றவர் பில்லில் ஏறுவது பெரிதும் குறையும்.